பாலம் மூடிய இரண்டேகால் வருஷம்



சமையல் குறிப்பும் கைவேலையும் வரும் இடத்தில் ஒரு பாலத்தைப் பற்றி எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். 2025 ஏப்ரலில் எங்கள் ஊர்ப் புது ரயில் பாலம் திறந்தபோது, எத்தனை மீட்டர், எத்தனை டன், எத்தனை கோடி என்று எல்லாக் கணக்கும் பேப்பரிலும் டி.வி.யிலும் வந்தது. பழைய பாலத்தில் ரயில் நின்று, புதுப் பாலத்தில் ஓடும் வரைக்கும் நடுவில் இருந்த இரண்டேகால் வருஷத்தை எங்கள் தீவுப் பெண்கள் எப்படி ஓட்டினார்கள் என்ற கணக்கு மட்டும் என் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் ஊரிலும் ஆற்றுப் பாலத்தையோ ரயில்வே மேம்பாலத்தையோ என்றைக்காவது ரிப்பேருக்கு மூடத்தான் போகிறார்கள். அப்போது இதில் ஏதாவது ஒன்று உங்களுக்குக் கை கொடுத்தால் எனக்குச் சந்தோஷம்.

நடந்தது என்ன?

எங்கள் தீவைப் பார்க்காதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. ராமேஸ்வரம் ஒரு தீவு. அந்தப் பக்கம் கரையில் மண்டபம், கடலைத் தாண்டினால் தீவின் முதல் ஊர் எங்கள் பாம்பன். நடுவில் இருக்கும் கடலின் மேல் 1914 பிப்ரவரி 24-ல் ரயில் பாலம் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, கை கூப்புவதற்கு முன் விரித்த கைகள் போல மேலே போகும். ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் திறப்பார்கள். சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வேடிக்கை காட்டாத தாய்மார் எங்கள் ஊரில் கிடையாது.

நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றில் நின்ற இரும்பு அது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் துருப்பிடித்து உதிர்கிறது. பாலம் எத்தனை நாள் தாங்கும்? அந்த நடுப்பகுதி பழுதாகி 2018 டிசம்பரில் ஒரு தடவை ரயிலை நிறுத்தி, 2019 பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி விட்டார்கள். பிறகு 2022 டிசம்பர் 23 அன்று திரும்பவும் நிறுத்தினார்கள். இந்தத் தடவை நிறுத்தியது நிறுத்தியதுதான். பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்ததால், பழையதில் இனி பயணிகள் வண்டி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. வண்டிகள் மண்டபத்தோடோ ராமநாதபுரத்தோடோ நின்றுவிட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்த பிறகுதான் தீவுக்குள் ரயில் சத்தம் கேட்டது.

"பக்கத்திலேயே ரோட்டுப் பாலம் இருக்கிறதே, பஸ்ஸில் போக வேண்டியதுதானே?" என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள்!

ரயிலில் இருந்தது, பஸ்ஸில் இல்லாதது

1988 அக்டோபர் 2-ல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலம் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போமோ, அதை மறக்கவில்லை. ஆனால் பஸ்ஸும் ரயிலும் ஒன்றா தோழிகளே?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இருபது வருஷமாகச் சர்க்கரை. அதனால் விழித்திரையில் நீர் கோத்து, மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் மாதா மாதம் ஊசி போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முழங்கால் வலி வேறு. நாங்கள் மதுரை பாசஞ்சரில் போவதுதான் வழக்கம். டிக்கெட் விலை குறைவு. காலை நீட்டி உட்காரலாம். பசித்தால் தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, எழுந்து நாலு அடி நடந்தால் பாத்ரூம். சர்க்கரைக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சர்க்கரைக்காரர் இருக்கும் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

ரயில் நின்ற பிறகு மதுரைக்கு பஸ். சுமார் 170 கிலோமீட்டர் தூரம். ராமேஸ்வரத்தில் புறப்படும் பஸ் பாம்பனுக்கு வரும்போதே சீட் நிரம்பியிருக்கும். நின்றுகொண்டே பாலத்தைத் தாண்டி, உச்சிப்புளி தாண்டி, ராமநாதபுரத்தில் யாராவது இறங்கினால்தான் இடம். வழியில் பாத்ரூம் என்றால் பஸ் நிற்கும் இடத்தில் இருப்பதுதான். ஒரு பஸ் ஸ்டாண்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இன்னொரு இடத்தில் தண்ணீர் இல்லை, காசு மட்டும் வாங்கினார்கள். உள்ளே போய்த் திரும்புவதற்குள் பஸ் கிளம்பிவிடுமோ என்று நான் கண்டக்டரின் விசிலையே பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

இரண்டாம் மாதமே அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்! எனக்கு இது தெரியாது. திரும்பி வந்த மறுநாள் குளிர் காய்ச்சல், அடிவயிற்றில் எரிச்சல். ராமநாதபுரத்தில் காட்டினோம். "சிறுநீர்ப் பாதையில் கிருமி சேர்ந்துவிட்டது. தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் பெண்களுக்குச் சீக்கிரம் வரும், சர்க்கரை இருந்தால் இன்னும் சீக்கிரம். கண்ணைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார் டாக்டர் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பட்டென்று சொல்லிவிட்டார்கள். "கண்ணு போனாப் போகட்டும்டி. நடுரோட்டுல பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லி என்னால மானத்த விக்க முடியாது. இனிமே மதுரைக்கு வரல."

அடுத்த ஊசிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. ஊசியை விட்டால் பார்வை மங்கும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். தனிக் கார் வைத்துக்கொண்டு மாதா மாதம் போக எங்களுக்கு வசதி இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஐஸ் பிளாண்டில் வேலை.

லாத்தாவின் யோசனை

எங்கள் தெருவில் மரைக்காயர் வீட்டு அக்கா ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை லாத்தா என்றுதான் கூப்பிடும். தண்ணீர்க் குழாயடியில் நின்று நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "இதுக்கா கண் கலங்குறே? ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா என் தங்கச்சி வீடு. கதவத் தட்டுங்க. பாத்ரூம் போயிட்டு, அத்தையக் கொஞ்சம் படுக்க வச்சிட்டு, டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸ பிடிங்க. முகம் தெரியாத வீடுன்னு கூச்சப்படாதீங்க. நான் போன் போட்டுச் சொல்றேன்."

அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "யாரு வீட்டுக்கோ இதுக்காகப் போயி நிக்கிறதா?" என்றார்கள். லாத்தா நேரிலேயே வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். எங்கள் பயணத்தை அன்றைக்கே மாற்றினோம். ஒரே மூச்சில் மதுரை வேண்டாம். முதல் பஸ் ராமநாதபுரம் வரை. அந்த வீட்டில் அரை மணி நேரம். பிறகு ராமநாதபுரத்திலிருந்து ரயில் தோதாக இருந்தால் ரயில், இல்லாவிட்டால் அங்கிருந்தே புறப்படும் பஸ். அங்கே புறப்படுவதால் உட்கார இடமும் கிடைத்தது.

டிக்கெட் இரண்டாக எடுப்பதால் கொஞ்சம் கூட ஆனது உண்மைதான். டாக்டருக்கும் மாத்திரைக்கும் போனதைப் பார்த்தால் அது பெரிதில்லை. பதினெட்டாம் நாள் அத்தை ஊசி போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

இந்தச் சேதி தெருவில் பரவியதும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, மாதவிலக்கு நாளில் வேலைக்கான பரீட்சை எழுதப் போன பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி ஒருத்தி. பரமக்குடியில் என் சித்தி வீடு இருக்கிறது என்று ஒரு அக்கா சொன்னார். மானாமதுரையில் என் நாத்தனார் இருக்கிறாள் என்றார் இன்னொருவர். ஒரு நோட்டில் ஊர், தெரு, போன் நம்பர் எழுதி வைத்தோம். போகிறவர்கள் முந்தின நாளே போன் பண்ண வேண்டும், வெறும் கையோடு போகக் கூடாது என்று நாங்களே இரண்டு சட்டம் போட்டுக்கொண்டோம். அதனால் நெத்திலிக் கருவாடும், தங்கச்சிமடம் மல்லிகைப் பதியனும் அந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. மானாமதுரை நாத்தனார் வீட்டு மாடியில் இன்றைக்கு எங்கள் மல்லிகை பூக்கிறதாம்!

எல்லாருக்கும் வழி கிடைத்ததா?

இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ஊர் மீன்கார அக்காமார் ஐந்து பேர் கூடையோடு பாசஞ்சரில் ஏறி, வழியில் உள்ள ஊர்களில் இறங்கித் தெருத் தெருவாக விற்பவர்கள். ரயிலில் கதவோரம் கூடையை வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் "நாத்தம் அடிக்குது, அடுத்த வண்டில வாங்க" என்று இறக்கிவிட்டார்கள். அடுத்த வண்டியிலும் அதே பாட்டு. மீன் காத்திருக்குமா? மதியத்துக்குள் விலை பாதியாகிவிடும்.

கொஞ்ச நாள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு குட்டியானையை வாடகைக்குப் பிடித்தார்கள். மீன் நிறைய பட்ட நாளில் கட்டுப்படியானது. மீன் குறைந்த நாளில் வாடகைக்கே சரியாகப் போனது. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. மூன்று பேர் கருவாட்டுக்கு மாறிவிட்டார்கள். நன்றாகக் காயவைத்து, இறுக மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, மேலே ஒரு துணிப்பை போட்டுக் கொண்டுபோனால் பஸ்ஸில் தொந்தரவில்லை. மீதி இரண்டு பேர் வியாபாரத்தையே விட்டுவிட்டு இறால் உரிக்கும் வேலைக்குப் போனார்கள். சொந்தக் கூடை தூக்கியவர் கூலிக்குப் போவதென்றால் மனசு என்ன பாடுபடும்? "ரயிலு வந்தாலும் என் வாடிக்கை வீடு எனக்காகக் காத்திருக்குமாத்தா?" என்று அந்த அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இங்கே வேலை பார்க்கும் ஒரு டீச்சர் பரமக்குடிப் பக்கத்துக்காரர். வெள்ளிக்கிழமை தோறும் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவார். மூன்று வயதுப் பெண் குழந்தை பாட்டியிடம் வளர்கிறது. பாலம் மூடிய பிறகு, நாள் கிழமைக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே போக முடியாமல் பல வாரம் இங்கேயே தங்கிவிட்டார். நர்ஸ் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு ரூம் எடுத்தார். மூன்று பேரும் முறை வைத்துச் சமைத்தார்கள். செலவு குறைந்தது, துணையும் கிடைத்தது. ஆனால் குழந்தை போனில் "நாளைக்கு வருவியா?" என்று கேட்கும்போது அந்த டீச்சர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகள் மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். முன்பெல்லாம் ராத்திரி ரயிலில் வந்தால் பாம்பன் ஸ்டேஷனில் அவள் அப்பா சைக்கிளோடு நிற்பார். ரயில் ராமநாதபுரத்தோடு நின்ற பிறகு, இருட்டிய நேரத்தில் அங்கே இறங்கி பஸ் தேடுவது எங்களுக்குச் சரிப்படவில்லை. "ராத்திரிப் பயணம் வேண்டாம். சனிக்கிழமை காலையில் கிளம்பு. பஸ் நம்பரை எனக்கு மெசேஜ் பண்ணு" என்று ஏற்பாடு செய்தோம். பெண்ணுக்கு வீட்டில் கிடைத்தது ஒன்றரை நாள். இருந்தாலும் நிம்மதி முக்கியம் இல்லையா?

இன்னொன்று. பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லாப் பயணம் என்று அரசு கொண்டுவந்தது பெரிய உதவிதான். ஆனால் அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு. மதுரை போகும் வெளியூர் பஸ்ஸில் முழு டிக்கெட். ரயிலில் மலிவாகப் போய்வந்த பெண்களுக்கு அந்த வித்தியாசம் மாதக் கடைசியில் மளிகைச் சீட்டில் தெரிந்தது.

அடுப்படியில் விழுந்த சுமை

பயணம் ஒரு மணி நேரம் கூடினால், போகிறவருக்கு ஒரு மணி நேரம். வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் கூடும். நாலரை மணிக்கு எழுந்தவள் மூன்று மணிக்கு எழ வேண்டும். திரும்பி வருகிறவருக்காக ராத்திரி பத்து மணிக்கு மேலும் விழித்திருந்து சாப்பாடு சூடு பண்ண வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டேன். "மதுரை போகிற நாள் நான் அத்தையோடு இருப்பேன். அன்றைக்கு அடுப்படி உங்களுடையது" என்றேன். என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு மாவு அரைத்து வைத்தால் இட்லி ஊற்றவும், பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பவும், மகனுக்குத் தயிர்சாதம் கட்டவும் கற்றுக்கொண்டார். முதல் நாள் இட்லி கல்லாகத்தான் இருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை! இப்போது மல்லிச் சட்னி என்னைவிட நன்றாக அரைக்கிறார்.

எல்லா வீட்டிலும் இது நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாலம் மூடியிருக்கும் நாளில் கேட்டால் இல்லை என்று சொல்வது அவர்களுக்கும் கஷ்டம். கேட்டுப் பாருங்கள்.

அத்தை சொன்ன பழைய கணக்கு

நாங்கள் அலுத்துக்கொள்ளும் போதெல்லாம் அத்தை 1964-ஐ எடுப்பார்கள். அந்த வருஷம் டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோனது. பாலத்தின் பெரும் பகுதியும் போய்விட்டது. அப்போது ரோட்டுப் பாலமும் கிடையாது. தோணியை விட்டால் தீவுக்கு வேறு வழி இல்லை. "அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் தோணியிலதான் வரணும். காத்து எழும்பினா அதுவும் இல்ல. எங்க ஆத்தா கப்பக் கிழங்க அவிச்சுக் குடுத்து நாளக் கழிச்சா" என்பார்கள். அன்று பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்து ரயில் விட்டதை இன்றைக்கும் ஊர் பேசும். பிறகு மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்றியபோதும் ரயில் நின்றது. 2007-ல்தான் மறுபடி வந்தது.

இப்படி நின்று நின்று ஓடிய ரயில் இது. பாலம் நன்றாக இருந்த காலத்திலும் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். "கடல் நடுவுல இருக்கவ ரெண்டு வழி வச்சிருக்கணும்" என்பது அத்தையின் சித்தாந்தம்.

எங்கள் அனுபவத்தில் சில யோசனைகள்

1. ரயில் எந்த ஸ்டேஷனோடு நிற்கிறது, எங்கிருந்து புறப்படுகிறது என்று கிளம்பும் முன் 139-ல் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

2. நடுவழியில் ஏறினால் சீட் கிடைக்காது என்றால், டவுன் பஸ்ஸில் பின்னோக்கிப் போய்ப் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். நாங்கள் பல நாள் ராமேஸ்வரம் போய்த்தான் ஏறினோம். வயசானவர்களுக்கு இதுதான் நல்லது.

3. ஆஸ்பத்திரித் தேதி வாங்கும்போது காலண்டரைக் கையில் வைத்திருங்கள். ஆடி, தை அமாவாசைகளிலும் மகாளய அமாவாசையிலும் எங்கள் ரோட்டுப் பாலத்தில் வண்டி நகராது. உங்கள் ஊர்த் திருவிழாவும் சந்தை நாளும் அப்படித்தான். "ரொம்ப தூரத்திலிருந்து வருகிறோம், பதினோரு மணிக்கு மேல் கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

4. பயணத்துக்காகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தவே கூடாது. ஒரேயடியாகக் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். எங்கே இறங்கிப் பாத்ரூம் போவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

5. சர்க்கரைக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. தனிப் பையில் இட்லியும், மயக்கம் வந்தால் உடனே கொடுக்கச் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். இன்சுலினை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். ஐஸ்கட்டியோடு ஒட்டியும் வைக்கக் கூடாது.

6. மாத்திரை, ரிப்போர்ட், மாற்றுப் புடவை, நாப்கின், பழைய செய்தித்தாள், சில்லறைக் காசு எல்லாம் ஒரே வயர் கூடையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். மூன்று மணிக்குத் தேட முடியாது.

7. வழி ஊர்களில் தெரிந்தவர் வீடுகளின் பட்டியலைத் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இதற்குச் செலவே இல்லை.

இப்போது

புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவானதாம். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே எழும்புகிறது. முதல் தடவை அத்தையை ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் ஜன்னல் வழியே கடலைப் போட்டோ எடுத்தார்கள். அத்தை மட்டும் என்னைக் கூப்பிட்டு, "அங்க குழாய்ல தண்ணி வருதான்னு பாத்துட்டு வாடி" என்றார்கள்! வந்தது.

டீச்சர் மறுபடியும் வெள்ளிக்கிழமை தோறும் ஊருக்குப் போகிறார். கருவாட்டு அக்காமாரில் இரண்டு பேர் கூடையோடு ரயிலேறுகிறார்கள். இறால் வேலைக்குப் போன இருவரும் திரும்பவில்லை. பாலம் திறந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்போம். ஆகாமல் போவதும் இருக்கிறது.

பாலத்தை மூடியதில் எனக்குக் குறையே இல்லை. உயிர் முக்கியம். துருப்பிடித்த பாலத்தில் பிள்ளைகளை ஏற்றிவிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? நான் கேட்பது வேறு. எந்த ஊரில் பாலத்தை மூடினாலும், வண்டி மாறி ஏறும் இடத்தில் பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். நடுவழி ஊர்க்காரர்களுக்காகக் காலையில் ஒரு பஸ்ஸாவது அங்கிருந்தே காலியாகப் புறப்பட வேண்டும். கூடைக்காரப் பெண்களுக்கு ஏறும் வழி இருக்க வேண்டும். பாலம் கட்டும் செலவில் இதெல்லாம் ஒரு துளிகூட இருக்காது. ஊர்க்கூட்டத்திலும் கிராம சபையிலும் இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். ஆண்களுக்கு இது தோன்றாது. நாமும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்?

எங்கள் தெரு நோட்டு இன்னும் லாத்தா வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. புதிதாக இரண்டு வீடுகள் போன மாதம்கூடச் சேர்ந்தன. உங்கள் ஊரில் பாலமோ ரோடோ மூடியபோது நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள் தோழிகளே. படிக்கக் காத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, பாம்பன்.